வாசலில் வெட்டிய ஹலோவீன் பூசணி

கவனக்குறைவான மனிதர்கள் விடும் பிழைகளால் பெரிய சேதம் இல்லை. பாதியில் களைத்துப்போய் விட்டுவிடுவார்கள். எதையும் திருத்தமாகச் செய்கிறவன் பிழை விட்டால்தான் ஆபத்து. அந்தப் பிழையையும் திருத்தமாகச் செய்து முடித்துவிட்டுத்தான் நிமிர்வான். நான் இந்த இரண்டாவது வகை. முப்பது வருடத்துக்கு மேலாக நாட்குறிப்பு எழுதுகிறேன். எழுந்த நேரம், வானிலை, சாப்பாடு, ஏறிய பஸ்ஸின் இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். ஒரேயொரு சனிக்கிழமைக்குரிய பக்கத்தில் மட்டும் ஒரு சொல்தான் இருக்கிறது: ஐயோ.

எண்பதுகளின் பின்பாதி. எனக்கு இருபத்து நான்கு வயது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல், சுவிஸில், பேர்ண் நகரத்தை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் ஐந்து பேரோடு ஒரே அறையில் இருந்தேன். பேர்ணுக்கு வெளியே ஒரு சிறிய குடும்பப் பூங்காவில் துப்புரவு வேலை. ஒரு குடைராட்டினம், குளத்தைச் சுற்றி ஓடும் குட்டி ரயில், ஆறு ஆடு, ஒரு கழுதை. அங்கே மிகப் பயங்கரமானது அந்தக் கழுதைதான். (அதுவும் கடிக்காது. முறைக்கும்.) கன்ரீன் குசினியில் தவம் அண்ணை சமையல் வேலை செய்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரில் மூன்று தடவை கடை திறந்தவர். மூன்று தடவையும் மூடியவர்.

பூங்கா ஒக்டோபர் முடிவில் பூட்டப்படும். பூட்டினால் என் வேலை போய்விடும். என் வேலை அனுமதி அந்த ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருந்தது. அவரோ அவருடைய மனைவியோ கையெழுத்து வைத்த ஒரு படிவத்தை மாத முடிவுக்குள் ஃப்ரெம்டன்பொலிஸில், அதாவது வெளிநாட்டவருக்கான பொலிஸ் அலுவலகத்தில், கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் திரும்பவும் அந்த அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அந்த இலையுதிர் காலத்தில் முதலாளி அமெரிக்காவுக்குப் போய்விட்டு வந்தார். நாங்கள் அவரை ஷெஃப் என்று கூப்பிடுவோம். கை நிறையப் படங்களும் வாய் நிறைய ஒரு புதுச் சொல்லும் கொண்டுவந்தார். ஹலோவீன். அப்போது சுவிஸில் அந்தச் சொல் ஒருவருக்கும் தெரியாது. கன்ரீனில் கூட்டம் போட்டார்.

"அங்கே சனங்கள் பயப்படுவதற்கு வரிசையில் நிற்கிறார்கள். நாங்களும் பயங்கரமாக ஒன்று செய்ய வேண்டும். கூட்டம் வந்தால் டிசம்பர் முடியும் வரை திறந்து வைப்பேன்" என்றார்.

"எங்களிடம் வருவது மூன்று வயதுப் பிள்ளைகள். அவர்கள் வாத்தைப் பார்த்தே அழுகிறார்கள்" என்றார் அவருடைய மனைவி. ரிக்கற் கொடுப்பதும் அலுவலகம் பார்ப்பதும் அந்த அம்மாதான். "இது குடும்பப் பூங்கா. பயம் வேண்டியவர்கள் பல் வைத்தியரிடம் போகட்டும்."

ஷெஃப் எங்கள் ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டார். எனக்கு டிசம்பர் என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது. எழுந்து நின்று, மூன்று மாத ஜேர்மன் மொழியில், "பயம் நல்லது. நிறையப் பயம், நிறைய நல்லது" என்றேன். (பயத்தில் நாட்டை விட்டே ஓடி வந்தவன் சொன்ன கருத்து இது.) அம்மா என்னைக் கழுதையைப் போலவே முறைத்தார்.

ஒக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை பிற்பகலில் சோதனையாகச் செய்து பார்ப்பது என்று முடிவானது. முதல்நாள் தோட்டக்காரர் ஒருவர் பத்துப் பூசணிக்காய்களைக் கொண்டுவந்து இறக்கினார். செம்மஞ்சள் நிறம், பீப்பாய் அளவு. ஷெஃப் அவற்றைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, வாசலில் வைக்கச் சொன்னார். நான் முதலாவதை வெட்டி முடித்தபோது, தவம் அண்ணை குசினிக் கதவில் வந்து நின்றபடியே திகைத்துப்போனார்.

"டேய் தம்பி, இங்க பாரடாப்பா. முழிச்ச கண், கோரப் பல்லு. இது வெருளியெல்லோ!"

"ஓம் அண்ணை. வாசலிலதான் வைக்கச் சொல்லுறார்."

"வாசலிலயோ? அப்ப இவங்களுக்கும் கண்ணூறு இருக்குது!"

எனக்கு மயிர் கூச்செறிந்தது. இத்தனை மாதமாக இந்த நாட்டில் எங்களுக்கு விளங்கிய ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. இதோ, கண் திருஷ்டிக்கு ஊரில் கட்டுவது போலவே பூசணிக்காய், கோரமுகம், வாசல். அன்றைய நாட்குறிப்பில் "இவர்களும் எங்களைப் போன்ற மனிதர்களே" என்று எழுதி, அடிக்கோடும் இட்டேன்.

"எப்ப வெட்டுறாங்களாம்? கேட்டனியோ?"

போய்க் கேட்டேன். எல்லாம் முடிந்த பிறகு பூசணியை என்ன செய்வீர்கள் என்று. ஆடுகளுக்குப் போடுவோம் என்றார் ஷெஃப்.

"ஆட்டுக்கோ!" தவம் அண்ணை தலையில் கை வைத்தார். "கண்ணூறை வாங்கின பூசணிக்காயை வெட்டாம, ஆட்டுக்குத் தின்னக் குடுக்கிறதோ? பிறகெப்பிடியப்பா இந்த இடம் உருப்படும்?"

சனிக்கிழமை இரண்டு மணிக்குத் தொடங்கியது. வந்தவர்கள் அறுபத்திரண்டு பேர், தள்ளுவண்டிக் குழந்தைகள் உட்பட. (எண்ணினேன்.) ஒருவரும் பயப்படவில்லை. குடைராட்டினக்காரர் வெள்ளைத் துணி போர்த்துப் பேயாக நின்றார். ஒரு சின்னப் பெண் அவரிடம் போய்க் குளிர்கிறதா என்று கேட்டுத் தன் கழுத்துத்துணியைக் கொடுத்தாள். கடதாசி மட்டை எலும்புக்கூட்டின் மடியில் உட்கார்ந்து ஒரு தாத்தா சூப் குடித்தார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஷெஃப் குசினிக்கு வந்தார். முகம் செத்திருந்தது. "உங்கள் நாட்டில் இப்படி ஒன்றும் இல்லையா? வாசலில், எல்லோரும் பார்க்க, ஏதாவது செய்யுங்கள். இன்று சரிவராவிட்டால் நாளைக்கே பூட்டிவிடுவேன்."

நான் மொழிபெயர்த்தேன்.

"பாத்தியே! மனுசன் தானா வாய்விட்டுக் கேக்குறார். கண்ணூறுதான். கழிச்சாத்தான் சரி" என்றார் தவம் அண்ணை.

என் நினைவில் இருந்தது படிவம் மட்டும்தான். கண்ணூறு கழிந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் டிசம்பர், டிசம்பர் என்றால் கையெழுத்து. இதில் எங்கே பிழை இருக்கிறது? இன்று வரை அந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை.

கன்ரீனின் வெள்ளை மேசைவிரிப்பு இரண்டை வேட்டியாகக் கட்டினோம். மேலுக்கு ஒன்றுமில்லை. வெளியே குளிர் எட்டுப் பாகை. தவம் அண்ணையின் பணப்பையில் திருநீறும் கற்பூரமும் ஒரு சிட்டிகைக் குங்குமமும் இருந்தன. பீப்பாய் அளவுப் பூசணிக்கு ஒரு சிட்டிகை எந்த மூலைக்கு? அதனால் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் சிவப்பு ஹிம்பேரிச் சிரப்பில் மூன்று லீற்றரை ஒரு பூசணிக்குள் ஊற்றினேன். அது பூசணியின் கண்ணாலும் வாயாலும் ஒழுகியது. வேறு யாராவது என்றால் ஒழுகட்டும் என்று விட்டிருப்பார்கள். நான் பாண் மாவைப் பிசைந்து கண், மூக்கு, பல்லிடுக்கு எல்லாவற்றையும் அடைத்து, மேல் மூடியையும் அழுத்தி மூடினேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பிறகு இறைச்சிக் கத்தியைத் தீட்டினேன். அதையும் திருத்தமாக.

வாசலுக்குப் போனோம். முன்னால் கேக் தட்டில் கற்பூரம் எரிய தவம் அண்ணை. பின்னால், நெற்றியிலும் நெஞ்சிலும் திருநீற்றுப் பூச்சோடு, தோளில் பூசணியும் கையில் கத்தியுமாக நான். சனங்கள் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்து வழி விட்டார்கள். ஷெஃப்பையும் அம்மாவையும் சேர்த்து நிறுத்தினோம். ஷெஃப்புக்கு முகமெல்லாம் சந்தோசம். "சூப்பர், சூப்பர்" என்று முணுமுணுத்தார். அம்மா புது வெள்ளைக் கோட் போட்டிருந்தார். பூசணியை அவர்கள் தலையைச் சுற்றி மூன்று தடவை எடுத்து, காலடியில் வைத்தேன்.

"வெட்டடா!" என்று கத்தினார் தவம் அண்ணை.

இரண்டு கையாலும் ஓங்கி வெட்டினேன்.

அடைத்த மா தெறித்தது. பூசணியின் வாயால் சிவப்பு பீறிட்டு அம்மாவின் கோட், ஷெஃப்பின் கண்ணாடி, முன்வரிசை, ரிக்கற் கூடத்தின் சுவர் எல்லாவற்றையும் நனைத்தது. பிறகு நான் வாழ்க்கையில் கேட்ட மிகப் பெரிய அலறல்.

இங்கேதான் எங்கள் முறை எங்களைக் கவிழ்த்தது. கழிப்புக் கழித்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கழித்தது முழுக்கத் திரும்பி வந்துவிடும். ஆகவே நாங்கள் இருவரும் அந்த அலறலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிவந்த கத்தியோடு, அவசரமே இல்லாமல், ஆறுதலாக நடந்து போனோம்.

"அண்ணை, ஏதோ உடையுது."

"திரும்பாத."

"கழுதை ஓடுற சத்தம் கேக்குது அண்ணை."

"கண்ணூறு ஓடுது. நேரா நட."

ஆட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்துக் குழாயில், முறைப்படி, கை கால் கழுவினோம். தண்ணீர் சிவப்பாக ஓடியது. அப்போது பின்னால் யாரோ கத்தினார்கள். இனித் திரும்பலாம் என்று அண்ணை தலையாட்டினார். திரும்பினேன்.

இளம் பொலிஸ்காரர் ஒருவர். வெள்ளை உடுத்த இரண்டு பேர் பூங்கா முதலாளியை வெட்டிவிட்டார்கள் என்று யாரோ தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். பொலிஸ்காரர் கத்தியைக் கீழே போடச் சொன்னார். போட்டேன். அன்று அந்தப் பூங்காவில் ஷெஃப் கேட்ட அளவுக்குப் பயந்தவன் நான் ஒருவன்தான். படிவம், அறை, விமானம், கொழும்பு எல்லாம் ஒரே நொடியில் கண்ணுக்குள் வந்தன.

அந்த நேரம் பார்த்து, வெட்டுண்டவர் ஓடி வந்தார். தலை முதல் கால் வரை சிவப்பாக, கண்ணாடி இல்லாமல், "பொறுங்கள், பொறுங்கள்!" என்று கத்திக்கொண்டு ஷெஃப் வருவதைக் கண்டதும் பொலிஸ்காரர் இரண்டடி பின்வாங்கி வேலியில் சாய்ந்துவிட்டார். பிறகு ஷெஃப்பின் தோளை ஒரு விரலால் தொட்டார். விரலை முகர்ந்தார். கடைசியில் நக்கிப் பார்த்தார்.

"சிரப்" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் படிவத்தோடு அலுவலகத்துக்குப் போனேன். அம்மா மேசைக்குப் பின்னால் இருந்தார். ஷெஃப் மூலையில், தண்டனை பெற்ற மாணவனைப் போல நின்றார். இனி ஹலோவீன் இல்லை, பயங்கரமாகவும் இல்லை, சாதுவாகவும் இல்லை என்று நான் வருமுன்பே முடிவாகியிருந்தது.

"ஏன் செய்தீர்கள்?" என்று அம்மா கேட்டார்.

அகராதியைப் பிரித்து வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். கெட்ட கண். உங்கள் தலையில். நாங்கள் எடுத்தோம்.

"எங்களுக்காகவா?"

தலையாட்டினேன்.

"அப்படியென்றால், நாங்கள் கத்தும்போது ஏன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை?"

"பார்த்தால் உங்களிடம் திரும்ப வந்துவிடும்."

அவர் யன்னலால் கழுதையின் வெறும் கொட்டிலைப் பார்த்தார். (கழுதை செவ்வாய்க்கிழமைதான் வந்தது.) பிறகு படிவத்தை இழுத்துக் கையெழுத்து வைத்தார். "குளிர்காலம் முழுவதும் மிருகங்களுக்குச் சாப்பாடு போட ஓர் ஆள் வேண்டும். ஆட்கள் இல்லாத இடம் உங்களுக்குப் பாதுகாப்பு. ஆட்களுக்கும்தான்."

வெளியே காத்துக்கொண்டு நின்ற தவம் அண்ணையிடம் ஓடினேன்.

"கையெழுத்து வைச்சிட்டா அண்ணை!"

"வைக்காம? கழிச்ச கழிப்பு அப்பிடி" என்றார் அவர். அவருடைய நான்காவது கடை பேர்ணில் இன்னும் நடக்கிறது.

மூன்று வருடம் அங்கே வேலை செய்தேன். விலகும்போது அம்மா ஒரு சான்றிதழ் எழுதித் தந்தார். சுவிஸில் முதலாளி தரும் சான்றிதழ் சாகும்வரை கூட வரும். அதில் பொய்யும் எழுதக் கூடாது, ஆளைக் கெடுக்கவும் கூடாது. அவர் நன்றாக யோசித்து எழுதியிருந்தார்: "இவர் தமக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளையும், கொடுக்கப்படாத வேலைகளையும், ஒரே அளவு முழுமையுடன் செய்து முடிப்பார்." அதற்குப் பிறகு நான் போன நேர்முகங்களில் எல்லாம் எதிரில் இருந்தவர் அந்த வரியில் நின்று, நிமிர்ந்து, என்னை ஒரு தடவை பார்த்திருக்கிறார்.

வீட்டில் அந்த வரி இன்னும் பழசாகவில்லை. பக்கத்து வீட்டுப் படிகளையும் சேர்த்துக் கூட்டினால், மனைவி அந்த வரியைச் சொல்லுவாள். போன வருடம் மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார், "உங்கட அப்பா எப்பிடிப்பட்ட ஆள்?" என்று மகளிடம் கேட்டிருக்கிறார்கள். அவள் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பிவிட்டாள். கல்யாணம் நடந்தது. ஆனால் மண்டபத்தில் நான் எந்த வேலைக்குக் கை வைக்கப் போனாலும், சம்பந்தியார் ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து, "நீங்கள் இருங்கோ, இருங்கோ" என்று கதிரையில் இருத்திவிட்டுத்தான் போனார்.