ஒரே ஒரு நீர்நாய்

காப்பாற்றுகிறவர்களில் பல வகை. தீயணைப்பு வீரர் காப்பாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மருத்துவர் காப்பாற்றிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார். இந்த இரண்டிலும் சேராத ஓர் இனம் உண்டு. காப்பாற்றிக்கொண்டே இருப்பவர். அவர் முடிக்க மாட்டார். முடித்தால் அவர் கதை முடிந்தது.

நம்மவர் ஆற்று நீர்நாயைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். மாடியில் இரண்டு அறை, சுவரில் ஆற்றின் வரைபடம், அதில் குத்திய வண்ண ஊசிகள், உடம்பில் எட்டுப் பை வைத்த காட்டுச் சட்டை. ஒரு பையில் மட்டும் பேனா இருக்கும். எங்கோ தொலைவிலிருந்த அறக்கட்டளை ஒன்று தந்த நிதியில் அவர் வீடு, கணக்குப் பார்க்கும் அக்காவின் வீடு, ஆற்றங்கரையில் அலையும் களப்பணியாளரின் வீடு என்று மூன்று அடுப்புகள் எரிந்தன. நீர்நாயை அவர் நேரில் பார்த்தது ஒரே முறை. அது தூங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் அறிக்கை எழுத அவரை விட்டால் ஆள் கிடையாது. நீர்நாய் அழிந்துவிட்டது என்று எழுதினால், கொடுத்த பணம் எங்கே என்பார்கள். பெருகிவிட்டது என்று எழுதினால், இனி பணம் எதற்கு என்பார்கள். ஆகவே ஆண்டுதோறும் ஒரே வாக்கியம்: "நிலைமை கணிசமாக மேம்பட்டுள்ளது, எனினும் மிகவும் கவலைக்கிடமாக உள்ளது." கூடவே ஒரு படம். முதல் ஆண்டு நீர்நாய் இடப்பக்கம் பார்த்தது. இரண்டாம் ஆண்டு அதே படத்தைத் திருப்பிப் போட்டதில் வலப்பக்கம் பார்த்தது. மூன்றாம் ஆண்டு மீசை மட்டும், மிக அருகில்.

"பாவம், அதுக்கும் வயசாகுது சார், வேற படம் எடுங்க" என்றார் கணக்கு அக்கா.

"அரிய விலங்கும்மா. அடிக்கடி படம் போட்டா மரியாதை போயிடும்."

வீட்டிலும் இதே பேச்சுதான். "நீர்நாய் எப்படிங்க இருக்கு?" என்பார் மனைவி.

"ரொம்ப மோசம்."

"அப்பாடா" என்று அவர் அடுப்பைப் பார்க்கப் போவார். ஓர் உயிரினத்தின் அழிவில் ஒரு குடும்பம் இவ்வளவு நிம்மதியாக இருந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நிதிக்காலம் முடிந்தது. நீட்டிப்பதா, நிறுத்துவதா என்று முடிவுசெய்ய அறக்கட்டளையின் பெண் அதிகாரி நேரில் வந்தார். புத்தம்புது ரப்பர் காலணி, கழுத்தில் தொலைநோக்கி. நீர்நாயைப் பார்க்காமல் போகமாட்டேன் என்றார். நம்மவர் வேண்டாத தெய்வமில்லை. ஒன்று வரட்டும். ஒன்றுக்கு மேல் வரவேண்டாம்.

வெயில் ஏறுகிற நேரம். நாணலுக்குப் பின்னால் அதிகாரி, நம்மவர், களப்பணியாளர் மூவரும் குந்தியிருந்தார்கள். நீரில் ஒரு தலை எழுந்தது. நம்மவருக்குக் கண் கலங்கியது.

"அங்க இன்னொண்ணு" என்றார் அதிகாரி.

"அதேதான் மேடம். முங்கி அந்தப் பக்கம் போயிடுச்சு."

"இந்தப் பக்கமும் ஒண்ணு?"

"அதுவும் அதேதான். துணையில்லாத ஜீவன் பாருங்க, ஒரு இடத்துல நிக்காது."

"சார், குட்டிங்கல்லாம்…" என்று களப்பணியாளர் வாயெல்லாம் பல்லாக ஆரம்பித்தார். நம்மவர் இருமினார். அந்த இருமலில் ஆள் அடங்கிவிட்டார். நீர்நாய்கள் அடங்கவில்லை. ஆற்றின் நடுவிலிருந்த பாறைமேல் ஒவ்வொன்றாக ஏறி, உடம்பை உதறி, ஒரே மீனுக்கு எட்டும் அடித்துக்கொண்டு, கல்யாண வீடு மாதிரி கத்தின.

இதற்கு என்ன எழுதுவது? எவ்வளவு கெட்டிக்காரனுக்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டு வாடகை, மனைவியின் முகம், வரைபடத்து ஊசிகள் எல்லாம் அவர் கண்முன் ஓடின. சட்டையின் எட்டுப் பையும் திடீரென்று கனத்தன.

அதிகாரி தொலைநோக்கியை இறக்கினார். வெகுநேரம் துடைத்தார்.

"நான் இருக்கறது அழிவின் விளிம்புப் பிரிவு" என்றார் மெதுவாக. "விளிம்புல இருந்து தப்பிச்சிட்டா ஃபைல் வேற பிரிவுக்குப் போயிடும். அங்க ஏற்கெனவே ஆள் இருக்காங்க."

தொலைநோக்கியை மறுபடி கண்ணில் வைத்தார்.

"லென்ஸ்ல ஏதோ தூசி. எனக்கு ஒண்ணுதான் தெரியுது."

"எனக்கும் ஒண்ணுதான் மேடம்!"

இருவரும் களப்பணியாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாறையைப் பார்த்தார். தன் வீட்டு அடுப்பையும் பார்த்திருக்க வேண்டும்.

"ஒண்ணுதாங்க" என்றார். "கொஞ்சம் சத்தமா இருக்கு, அவ்வளவுதான்."

தாங்கள் அழிந்துகொண்டிருப்பது தெரியாமல் எட்டும் பாறையில் வெயில் காய்ந்தன. நிதி நீட்டிக்கப்பட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் மைத்துனன் ஒருவன் இருக்கிறானே, வருஷக்கணக்காக நீங்கள் திருத்திக்கொண்டிருக்கிறவன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "அவன் கதைய ஏன் கேக்கறீங்க" என்று பெருமூச்சோடு தொடங்குவீர்களே, அவன்தான். போன வாரம் அவனுக்கு வேலை கிடைத்ததாம். காலையில் குளித்து, தலைவாரி, யாரும் எழுப்பாமல் கிளம்பிப் போகிறானாம். சேதி வந்ததும் உங்கள் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை நினைவிருக்கிறதா?

"எத்தனை நாளைக்குன்னு பார்ப்போம்."