சம்பந்தி உட்கார்ந்த கம்ப்யூட்டர்

பாகூர்,
வியாழக்கிழமை காலை.

மரியாதைக்குரிய சம்பந்தி ஆரோக்கியம் அவர்களுக்கு, பாகூர் சூசைநாதன் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி செல்வகுமாரியும் மகள் ரோஸ்லினும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கு நெட்டப்பாக்கத்தில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை கலைவேந்தனும் சுகமா, முக்கியமாகத் தங்கள் இடுப்பு சுகமா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தாங்கள் கல்யாணத் தேதி குறிக்க வந்து, குறிக்காமலேயே திரும்பிப் போய் இன்றோடு நான்கு நாள் ஆகிறது. போனில் பேசிவிடலாம் என்று ஏழு தடவை நம்பரை அழுத்தி, மணி அடிப்பதற்குள் நானே கட் பண்ணிவிட்டேன். முப்பத்தொரு வருஷம் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவன் நான். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேசிப் பழகவில்லை. அதனால் எழுதுகிறேன். முதல் விஷயம், தாங்கள் உட்கார்ந்தது முக்காலி அல்ல. அது ரோஸ்லினின் கம்ப்யூட்டர்.

அது எப்படி முக்காலி மாதிரி ஆனது என்றால், அதைச் சொல்ல ஆறு மாதம் பின்னால் போகவேண்டும். ரோஸ்லின் வீட்டிலிருந்தபடியே வீடுகளுக்குப் படம் வரைகிறாள் என்பது தங்களுக்குத் தெரியும். மூலக்குளத்தில் ஒரு இன்ஜினியர் பிளான் அனுப்புவார். இவள் அந்த வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் காட்டுவாள். அந்தக் கம்ப்யூட்டரின் தகரப் பெட்டி ஏரிக் காற்றில் துருப்பிடித்து அடிப்பக்கம் உதிர்ந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாக ஒரு பல்லி உள்ளே போய், தானும் செத்து, பவர் சப்ளையையும் சாகடித்தது. "வேற கேபினெட் வாங்கிக்கலாம்பா" என்றாள் ரோஸ்லின். நான் விடுவேனா? "மில்லு மெஷினையே கழட்டி மாட்டினவன், ஒரு பொட்டி செய்ய மாட்டேனா?" என்றேன். கொல்லைப்புறத்தில் மாடு இல்லாத மாட்டுக்கொட்டகையில் என் அறுவை மெஷின், டிரில்லிங் மெஷின், இழைப்புளி எல்லாம் சும்மாதான் கிடந்தன. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா கிடந்த நாலாவது பொருள் நான்.

முதல் பெட்டியை வேப்பம்பலகையில் செய்தேன். ஈரப்பலகை. காய்ந்ததும் சுருங்கி, மதர்போர்டு ஒரு நகக்கண் அளவுக்கு உள்ளே போக மறுத்தது. மதர்போர்டு என்றால் கம்ப்யூட்டரின் மற்ற எல்லா உறுப்புகளும் வந்து மாட்டுகிற பெரிய அட்டை. "அரத்துல ஓரத்த லேசா ராவிட்டா உள்ள போயிடும்மா" என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன். ரோஸ்லின் அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஓடி பீரோவில் வைத்துப் பூட்டினாள். இரண்டு நாள் சாவியை இடுப்பிலேயே சொருகியிருந்தாள்.

இரண்டாவது பெட்டி தேக்கு. இந்த முறை இடம் போதாமல் போகக்கூடாது என்று நீளமாகவே செய்தேன். தூக்க வசதியாக இரண்டு பக்கமும் பித்தளைக் கைப்பிடி, மேலே மூடி, கறுப்பு வார்னிஷ். வெயிலில் காயவைத்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தையலம்மாள் வேலி வழியாக எட்டிப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, "யாருங்க அண்ணே? கொழந்தையா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தெருக்கோடி போய்விட்டாள். சாயங்காலம் மாதா கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ஒரு மாலையோடு வந்து நின்றார். செல்வகுமாரி அவருக்கு டீ கொடுத்து, "செத்தது ஒரு பல்லிதாங்க" என்று சொல்லி அனுப்பினாள். அன்று இரவே அந்தப் பெட்டியை அவள் அரிசிக்கு எடுத்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் தங்கள் வீட்டுச் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை தங்கமானவர், கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலை செய்யட்டும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ரோஸ்லின் கொட்டகைக்கு வந்து மரத்தூளில் உட்கார்ந்து, "யப்பா, நெட்டப்பாக்கத்துக்கும் இங்கியும் தூக்கினு போயி வர மாதிரி செஞ்சி குடுப்பியா? பஸ்ல மடியில வெச்சிக்கிற மாதிரி" என்று கேட்டாள். சம்பந்தி, அவள் சின்ன வயதிலிருந்து என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை. இதைக் கேட்டாள். அன்று இரவு அதே யோசனையோடு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன் அலமாரியைப் பார்த்தேன். அங்கே செல்வகுமாரியின் டிபன் கேரியர் இருந்தது.

அடுக்கு! மீதித் தேக்கில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு, அடியில் மூன்று குட்டைக் கால். கீழ் அடுக்கில் பவர் சப்ளை, நடு அடுக்கில் மதர்போர்டு, மேல் அடுக்கில் சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிற ஃபேன். பக்கவாட்டுக் கம்பியைத் தூக்கினால் கழன்றுகொள்ளும், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். ஒரு அடுக்கு கெட்டால் அதைமட்டும் கழற்றிப் பார்க்கலாம். ஒயர்களைக்கூட அடுக்குக்கு அடுக்கு பிளக் வைத்துப் பிரித்துவிட்டேன். பல்லி எச்சம் உள்ளே விழாமல் இருக்க மேலடுக்கின் அடியில் சரிவாக ஒரு தகரத்தகடு, சுற்றிலும் கொசுவலை. மறுவாரம் செல்வகுமாரி கேட்டாள், "இன்னாங்க, கேரியர் வெறும் கிண்ணமா நிக்குது, கம்பி எங்க?" நான் கொட்டகைப் பக்கம் நழுவினேன். கொட்டகைக்கு வந்து பார்த்தாள். கம்பியை மேலே தூக்கினாள், அழுத்தினாள், மறுபடி தூக்கினாள். "எங்கம்மா குடுத்த கேரியரு" என்றாள். பிறகு, "நல்லாத்தான் பூட்டுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் முப்பது வருஷக் குடித்தனத்தில் நான் வாங்கிய பெரிய மெடல் அதுதான்.

இனி ஞாயிற்றுக்கிழமை. தாங்கள் ஆறு பேர் வருவதாகச் சொல்லி ஒன்பது பேர் வந்தீர்கள். வந்ததில் எங்களுக்குச் சந்தோஷம்தான், நாற்காலிதான் பத்தவில்லை. தாங்கள் பெருந்தன்மையாகச் சம்பந்தியம்மாளுக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு, மூலையில் பளபளவென்று நின்ற தேக்கு முக்காலியில் அமர்ந்தீர்கள். அது அப்போது ஓடிக்கொண்டிருந்தது. காற்று வெளியேறும் வழி முழுக்கத் தாங்கள் அமர்ந்தீர்கள். ஐந்து நிமிஷம் பொறுத்தீர்கள். பிறகு, "இன்னாங்க சம்பந்தி, முக்காலி சுடுதே?" என்றீர்கள். நான் நிலைமை புரிந்து, "எழுந்திருக்காதீங்க!" என்று கத்தியது தப்பு. மெதுவாக எழுந்திருங்கள் என்று சொல்ல வந்தேன். தாங்கள் துள்ளி எழுந்தீர்கள். வேட்டி கம்பியில் மாட்டிக்கொண்டது. கம்பி திறந்தது. கம்பியும் வேட்டியும் தாங்களும் மூன்று திசையில் போனீர்கள். தங்கள் கையிலிருந்த காபி நாலாவது திசையில் எழும்பி, இடம் நகராமல் நின்ற மேலடுக்கிலேயே விழுந்தது. அதற்குமேல் எழுத என் பேனா கூசுகிறது.

ஆனால் தாங்கள் மனம் நொந்தது விழுந்ததற்காக இருக்காது. உள்ளேயிருந்து ஓடிவந்த ரோஸ்லின், மாமனாரைத் தூக்காமல், "ஐயோ என் வீடு!" என்று கம்ப்யூட்டரைக் கட்டிப்பிடித்தாளே, அதற்காகத்தான். தாங்கள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "தேதி அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிப் படியிறங்கிவிட்டீர்கள். சம்பந்தி, அவள் பெரியவர்களை மதிக்காத பெண் அல்ல. அதுவரை இன்ஜினியர் அவளுக்குக் கதவு ஜன்னல், படிக்கட்டு என்று துண்டு துண்டாகத்தான் வேலை கொடுப்பார். முதல்முறையாக முழு வீட்டையும் நம்பிக் கொடுத்திருந்தார். திங்கள் காலை வீட்டுக்காரர்கள் பார்க்க வருவதாக ஏற்பாடு. மூன்று வாரம் வரைந்த வீடு அது. தாங்கள் அமர்ந்திருந்தபோது அது உள்ளே உருவாகிக்கொண்டிருந்தது.

தாங்கள் போனதும் அவள் அழுதுகொண்டே நடு அடுக்கைத் திறந்தாள். நான் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். "யப்பா, ஒரு சொட்டு எறங்கலப்பா!" என்றாள். பல்லிக்காக வைத்த தகரத்தகட்டில் காபி வழிந்து பின்பக்கமாகத் தரைக்குப் போயிருந்தது. சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்திருந்ததால் எதுவும் கருகவில்லை. காபியில் குளித்த ஃபேன் மட்டும் ஓடவில்லை, அதனால் மேலடுக்கைத் தூக்கி ஓரமாக வைத்தோம். செல்வகுமாரி டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து நடு அடுக்குக்கு நேராகத் திருப்பினாள். இருட்டுவதற்குள் வீடு முழுசாக வந்துவிட்டது. திங்கள் காலை பார்த்த வீட்டுக்கார அம்மாள், இவள் சமையலறை ஜன்னலைக் கிழக்கே தள்ளிவைத்திருந்ததைக் காட்டி, "எனக்கு இப்டித்தான் வேணும்" என்றாராம். இன்ஜினியர் அடுத்த வீட்டையும் அனுப்பிவிட்டார். ஆனால் ரோஸ்லின் அதைத் திறக்கவில்லை. "மொதல்ல மாமாகிட்ட பேசுப்பா" என்கிறாள். மாப்பிள்ளையோடு போனில் பேசுவதைக்கூட நிறுத்திவிட்டாள். என்ன சொல்வதென்று தெரியவில்லையாம்.

ஆகவே சம்பந்தி, குற்றம் முழுவதும் என்னுடையது. பார்ப்பதற்கு முக்காலி மாதிரி ஒன்றைச் செய்து, முக்காலி வைக்கும் இடத்தில் வைத்தவன் நான். என்னைத் திட்டுங்கள், பிள்ளைகளை விட்டுவிடுங்கள். மேலடுக்கை இப்போது கூம்பாகச் செய்துகொண்டிருக்கிறேன். இனி அதன்மேல் காக்காய்கூட உட்கார முடியாது. தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். சம்பந்தியம்மாளுக்கு என் தோத்திரம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். தங்கள் வீட்டார் அனைவருக்கும் மாதா துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
சூசைநாதன்.

பி.கு.: கவர் ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கியது தாங்கள்தான். கையில் புதுச்சேரியில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கிய புது ஃபேன். "பொண்ணு வேலைய கெடுத்துட்டேன் சம்பந்தி. அத்தினி பேர் முன்னாடி வேட்டி வேற. இன்னா மூஞ்சிய வெச்சினு போன் பண்றதுன்னு நாலு நாளா தவிச்சினு இருந்தேன்" என்று தாங்கள் சொன்னதும், மேலே எழுதிய அத்தனையும் வீண் என்று தெரிந்தது. ரோஸ்லினிடம் தாங்கள் தனியாக மன்னிப்புக் கேட்க, அவளும் கேட்க, வாசற்படியிலேயே தை மாதம் கடைசி வாரம் என்று முடிவாகியும்விட்டது. எழுதியதை வீணாக்கவேண்டாம், பஸ்ஸில் படிக்கக் கொடுங்கள் என்று செல்வகுமாரி சொல்வதால் இதைக் கையிலேயே தருகிறேன். இப்போது உடனே முடிக்கவேண்டும். கூடத்தில் ஐந்து நாற்காலி காலியாகக் கிடக்க, தாங்கள் நின்றுகொண்டே காபி குடிக்கிறீர்கள். யார் சொல்லியும் உட்கார மறுக்கிறீர்கள். நான் வந்து ஒவ்வொன்றாக உட்கார்ந்து காட்டவேண்டுமாம்.