எங்கள் கட்டடத்தின் பொது டப்பா

உலக மருத்துவ வரலாறு என்றைக்காவது நேர்மையாக எழுதப்பட்டால், அதில் எங்கள் கட்டடத்துக்குத் தனி அத்தியாயம் உண்டு. என் புகைப்படமும் போடுவார்கள், கொஞ்சம் பெரிதாகவே.

முழங்கால் வலிக்கான புது மருந்தைச் 'சோதிக்க' ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சின்ன டாக்டரம்மா வந்தார். இங்கே லிஃப்ட் கிடையாது. ஆகவே முழங்கால் வலிக்குப் பஞ்சமும் கிடையாது. ஆளுக்கொரு புட்டி கொடுத்து, கைபேசியில் ஒரு செயலியும் ஏற்றிவிட்டார். வலி குறைந்தால் சிரிக்கிற முகத்தை அமுக்க வேண்டும். குறையாவிட்டால் அழுகிற முகம்.

"பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு கொடுக்கிற எனக்கே தெரியாது" என்றார்.

கொடுக்கிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரியாமல் ஒன்று இருக்குமா?

என் தலைக்கு மேலேதான் தையல்கார அக்கா வீடு. மிதி மிஷின். அக்காவின் முழங்கால் மக்கர் பண்ணியதிலிருந்து அது ஊமையாகிவிட்டது. துணி கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வேறு கடை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் மேலே கடகடவென்று சத்தம்! நானோ இன்னும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் படியிறங்கிக்கொண்டிருந்தேன். விஞ்ஞானம் விளங்கிவிட்டது: அங்கே மருந்து, இங்கே மாவு.

நியாயம் கேட்க எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரையும் அழைத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

"ஏன்க்கா, நீங்க மட்டும் மிதிமிதின்னு மிதிப்பீங்க, நாங்க மாவைத் தின்னுட்டு நொண்டணுமா?"

"நான் என்னம்மா பண்ணேன்? கொடுத்ததைத்தானே முழுங்கறேன்!"

"எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்கிடுவோம்" என்றார் வாத்தியார். "சராசரியா ஆளுக்குப் பாதி குணமாவது வரும்."

"இந்தக் கால் ஓடினாத்தான் சார் எங்க வீட்ல அடுப்பு எரியும்."

"எங்க காலெல்லாம் அழகுக்கா வெச்சிருக்கோம்?" என்றேன்.

அக்கா புட்டியை நீட்டினார். நாலு பேரோடு வாழ வேண்டுமே.

அன்று பிறந்தது பொது டப்பா. எல்லாப் புட்டிகளும் அதில் கவிழ்ந்தன. தினமும் காலையில் நானே குலுக்கி, ஆளுக்கொன்று எடுத்துக் கொடுப்பேன். சமத்துவம் என்றால் அது சமத்துவம்! மேலே மிஷின் ஒரு நாள் ஓடும், இரண்டு நாள் படுக்கும்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்பார்.

"ஒண்ணுகூட வீணாக்கலை டாக்டர்!" என்போம். சத்தியமான வார்த்தை.

செயலியிலும் எங்கள் மரியாதை குறையவில்லை. அவ்வளவு தூரம் வருகிற பெண்ணிடம் போய் அழுமூஞ்சி காட்டலாமா? எல்லோரும் சிரிப்பையே அமுக்கினோம். அக்கா மட்டும் சில நாள் அழுகிற முகத்தை அமுக்கிவிடுவார், நாகரிகம் போதாது.

கடைசியில் கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டு முடிவை அறிவித்தார்கள். மருந்துக்கும் மாவுக்கும் வித்தியாசமே இல்லையாம். ஆகவே மருந்தைக் கைவிடுகிறார்களாம். 'சிறந்த ஒத்துழைப்பு' என்று எங்கள் கட்டடத்துக்கு ஒரு சான்றிதழ். அதை வாங்க முன்னால் போய் நின்றது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

அப்போது அக்கா எழுந்தார். "டாக்டர், எனக்கு மருந்து நிஜமாவே கேட்டுச்சு. ஆரம்பத்துல நல்லா மிதிச்சேன்."

"சில பேருக்கு அப்படித் தோணும்மா" என்றார் டாக்டரம்மா. பிறகு ஏதோ உறுத்தியதுபோல, "நடுவுல ஏதாவது மாறிச்சா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். இங்கே எதையும் சொல்ல வேண்டியவள் நான்தான் என்பது வழக்கமாயிற்றே. வாத்தியார் மின்விசிறியை ஆராய்ந்தார். நான் சான்றிதழை நேராகப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற முகத்தைக் காட்டினேன்.

இப்போது மேலே சத்தமே இல்லை. சான்றிதழ் என் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது. என் வாயில் ரகசியம் தங்காது என்று ஊரெல்லாம் பேசுகிறவர்கள் இனியாவது அந்தப் பழியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளட்டும்.