முதல்வரைக் கொல்லும் தகுதி

அந்தக் கல்லூரியில் உளவியல் ஆசிரியை ஒருவர் எட்டு வருஷமாகத் தற்காலிகமாக இருந்துவந்தார். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அவரை வேலையிலிருந்து நீக்குவார்கள். கல்லூரி திறந்ததும் புதிதாகச் சேர்ப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர் என்பதால் ஆசிரியர் அறையில் கால் ஆடும் நாற்காலியே வருஷா வருஷம் அவருக்கு வந்து சேர்ந்தது. பணி நிரந்தரம் பற்றிக் கேட்டால், "உங்க விஷயம் பரிசீலனையில இருக்கும்மா" என்பார் முதல்வர். யார் பரிசீலிக்கிறார்கள் என்று கேட்டால், அந்தக் கேள்வியையும் பரிசீலனையில் சேர்த்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட நிலையில் இருக்கும் ஒருவருக்கு முதல்வரைக் கொன்றால் என்ன என்று தோன்றுவது இயற்கை. மேடம் படித்தவர், பயந்த சுபாவம் வேறு. ஆகவே நாவல் எழுதினார்.

நாவலில் ஒரு கல்லூரி முதல்வர் ஆசிரியர் கூட்டத்தின் நடுவே நாற்காலியிலேயே செத்துக் கிடக்கிறார். அவர் எப்போதும் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொள்பவர் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் தொடர்ந்து நடக்கிறது, ஏழு தீர்மானங்கள் நிறைவேறுகின்றன. பிறகுதான் துப்பறிதல். கொன்றவர் தாவரவியல் பேராசிரியர். சின்ன வயதில் அவர் ஆசையாக வளர்த்த செடியை அப்பா பிடுங்கி எறிந்துவிட, அந்தக் காயம் ஆழ்மனதில் வேர்விட்டு, ஐம்பது வயதில் விஷச்செடியாக முளைக்கிறது.

மேடம் ஜாக்கிரதையாகப் புனைபெயரில்தான் எழுதினார். பதிப்பாளர் பின்னட்டையில் அவருடைய புகைப்படத்தைப் போட்டுவிட்டார்.

புத்தகம் கல்லூரி நூலகத்துக்கு வந்த அன்றே முதல்வர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. மேடம் முதலில் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அப்போது ஏதோ ஒரு கட்டடத்தில் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் இருந்தார். மேடத்தின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

"ஏங்க, என்னைக் கூப்பிடுறாங்க. வேலை போயிடும்னு நினைக்கிறேன்."

"எப்படியும் கோடையில போகப்போற வேலைதானே? போய் என்னன்னு கேளு."

முதல்வர் மேசைமேல் நாவல் இருந்தது. பக்கங்களுக்கு இடையே பல நிறங்களில் துண்டுக் காகிதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"உட்காருங்கம்மா. இதுல வர்ற முதல்வர் நான்தானே?"

"இல்லவே இல்ல சார். முழுக்கக் கற்பனை."

"மூக்குக்கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டு அதையே தேடுறார்னு எழுதியிருக்கீங்க." முதல்வர் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "நான் கோபப்படல. ஒரு வாசகனாத்தான் கேக்குறேன். முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவன் நான். என்னைப் பதினோராம் பக்கத்துலயே சாகடிக்கலாமா? வாட்ச்மேன் கடைசிப் பக்கம் வரைக்கும் உயிரோட இருக்கான்."

"அடுத்த பதிப்புல பாக்கலாம் சார்" என்றார் மேடம்.

"பாருங்க. சாகுறதுக்கு முன்னாடி நான் ஒரு உரை ஆத்துற மாதிரி இருந்தா நல்லாருக்கும்."

இதற்கிடையில் கல்லூரியில் வேறொரு மாறுதல் நிகழ்ந்தது. பாட்டனி சாரை அதுவரை யாரும் கவனித்ததில்லை. வகுப்பில் அவர் இருக்கும்போதே பையன்கள் எழுந்து போவார்கள். இப்போது நாவலின் கொலைகாரர் அவர்தான் என்று தெரிந்தபின் வகுப்பு நிரம்பியது. அவர் வேர்களைப் பற்றிப் பேசினால் பின்வரிசைகூடக் குறிப்பெடுத்தது. வராந்தாவில் அவர் வந்தால் மாணவர்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். மனிதர் நடையே மாறிவிட்டது. கேன்டீனில் டீயை எடுத்து, குடிக்காமல், ஒரு நிமிடம் அதையே உற்றுப்பார்த்துவிட்டு வைப்பார். பக்கத்திலிருப்பவர்கள் தங்கள் டீயை நகர்த்திக்கொள்வார்கள்.

மற்றவர்களுக்கு இது பொறுக்கவில்லை. முதலில் மேத்ஸ் சார் மேடத்திடம் வந்தார். கல்லூரியிலேயே மூத்தவர் அவர்தான்.

"பாட்டனி எனக்கு ஆறு வருஷம் ஜூனியர். முதல்வர் மேல எனக்கு இல்லாத காண்டா அவனுக்கு? என்னைக் கேட்டிருந்தா நானே பண்ணியிருப்பேனே."

"கதைதானே சார்."

"கதைன்னாலும் சீனியாரிட்டி இருக்கு."

பி.டி. சார் அடுத்து வந்தார். கைகட்டி நின்றார். "மத்த எல்லாருக்கும் ஆழ்மனம் கொடுத்திருக்கீங்க மேடம். எனக்கு விசில் மட்டும் கொடுத்திருக்கீங்க."

ஆழ்மனம் கல்லூரியில் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. பால்யத்தில் காயம் படாதவர்கள் ஆசிரியர் அறையில் தலைகாட்ட முடியவில்லை. காமர்ஸ் மேடம் யோசித்து யோசித்து, ஒன்றாம் வகுப்பில் யாரோ தன் பென்சிலை முறித்ததை நினைவுக்குக் கொண்டுவந்தார். அலுவலக உதவியாளர், ஆழ்மனக் காரணங்களால் இரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்று விண்ணப்பித்தார். முதல்வர் அதில், "எந்த ஆழம் என்பதற்கு மருத்துவச் சான்று இணைக்கவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

வாசகர் கருத்துகள் இப்படி வாய்வழியாகப் பரவுவது நிர்வாகத்துக்கு நல்லதல்ல என்பதால், முதல்வர் தலைமையில் வாசகர் கருத்து ஒருங்கிணைப்புக் குழு அமைக்கப்பட்டது. மேடத்தையும் அழைத்தார்கள். அவர் கால் ஆடும் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். நூலாசிரியரின் கருத்து தேவைப்பட்டால் கேட்கப்படும் என்று தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தினார்கள்.

"முதல் பொருள்," என்றார் முதல்வர். "என்னை யார் கொல்வது?"

"பணி மூப்புதான் சார் முறை," என்றார் மேத்ஸ் சார்.

"நீங்க அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறீங்க," என்றார் பாட்டனி சார், டீயை உற்றுப்பார்த்தபடி. "கொலைய பாதியில விட்டுட்டுப் போனா யாரு முடிக்கிறது?"

"இதுக்கு முன்னனுபவம்னு ஒண்ணு வேணும்," என்றார் காமர்ஸ் மேடம்.

"பாட்டனிக்கு மட்டும் இருக்கா?" என்றார் மேத்ஸ் சார்.

"முதல் பதிப்புல பண்ணியிருக்காரே."

முதல்வர் பெருந்தன்மையோடு குறுக்கிட்டார். "எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். எல்லாருமே கொல்லுங்க. விஷம் ஒரே பாத்திரத்துல இருக்கட்டும். ஆளுக்கு ஒரு சொட்டு. சீனியாரிட்டிப்படி வரிசையில வரணும், தள்ளுமுள்ளு கூடாது."

"கடைசிச் சொட்டு நானா சார்?" என்றார் பி.டி. சார்.

"ஆமா. உயிர் போறது உங்க சொட்டுலதான்."

பி.டி. சார் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது மேடம் மெதுவாக, "எல்லாரும் கொன்னா அப்புறம் மர்மம் எங்க இருக்கு சார்?" என்று கேட்டார்.

"அது உங்க வேலைம்மா," என்றார் முதல்வர். "நிர்வாகம் எல்லாத்தையுமா பண்ண முடியும்?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கல்லூரியில் நிறைவேறும் எல்லாத் தீர்மானங்களையும் போல அதுவும் மறுநாளே கல்லூரிக் கல்வி இயக்குநரகத்துக்கு அனுப்பப்பட்டது. அலுவலக எழுத்தர் சுருக்கமாக எழுதுவதில் வல்லவர். நாவல், பதிப்பு, வாசகர் முதலிய தேவையற்ற சொற்களை நீக்கிவிட்டு, "முதல்வரைப் பணி மூப்பின் அடிப்படையில் அனைத்து ஆசிரியர்களும் விஷம் வைத்துக் கொல்வது என ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. முதல்வர் ஒப்புதல் அளித்தார்" என்று எழுதினார்.

இயக்குநரகம் அதிர்ச்சி அடையவில்லை. அங்கே எதுவும் மேசைக்கு வந்து சேர்வதற்குள் பழையதாகிவிடும். கொலைக்கு முன் அனுமதி ஏன் பெறவில்லை என்று விளக்கம் கேட்டார்கள். கொலை வேலை நேரத்தில் நடந்ததா, வேலை நேரத்துக்குப் பிறகா என்று கேட்டார்கள். காலியாகும் இடத்துக்குத் தகுதியானவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார்கள். அன்று மாலைக்குள் அத்தனை பேரும் விண்ணப்பித்தார்கள். எல்லா விண்ணப்பங்களையும் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டவர் முதல்வர்தான். அவரிடம்தான் முத்திரை இருந்தது.

பிறகுதான் இயக்குநரகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து, முதல்வர் உயிரோடிருப்பதைப் பார்த்து, திரும்பிப் போய், "இது நாவல் சமாசாரம்" என்று எடுத்துச்சொன்னார். அதன்பின்தான் இயக்குநரகம் கடும் கோபம் கொண்டது. கொலை என்றால்கூடப் பரவாயில்லை. அனுமதி இல்லாமல் நாவல் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த ஆணை மேடத்தைப் பற்றியது. முதல்வர் அதைத் தானே படித்துக்காட்டினார். "அனுமதியின்றி நாவல் எழுதியவர் மீது துறைரீதியான நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் தற்காலிக ஊழியர் மீது நடவடிக்கை எடுக்க விதிகளில் இடமில்லை. ஆகவே முதலில் அவரை உடனடியாக நிரந்தரமாக்கி, பின் நடவடிக்கை எடுக்கவும்."

எட்டு வருஷமாக அசையாத பரிசீலனை ஒரே மதியத்தில் முடிந்தது. சாப்பாட்டு இடைவேளைக்கு முன் நிரந்தரம். இடைவேளைக்குப் பின் இடைநீக்கம்.

மேடம் வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னார். வீட்டுக்காரர் கைக் கிரீஸைத் துடைத்தபடி கேட்டார்.

"நிரந்தரமா சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களா?"

"இல்லங்க. நிரந்தரமாயிட்டேன். சஸ்பெண்டுதான் தற்காலிகம்."

அவர் துடைத்த துணியைக் கீழே வைத்தார். "அப்ப சந்தோஷப்படலாம்ல?"

"படலாம்." மேடம் அன்று மனசார அழுதார். பிறகு சிரித்தார். இருவரும் வெளியே போய் நல்ல ஓட்டலில் சாப்பிட்டார்கள்.

இந்தச் செய்தி பக்கத்துக் கல்லூரிகள் வரை பரவியது. தற்காலிக ஆசிரியர்கள் எல்லாரும் நாவல் எழுத உட்கார்ந்தார்கள். பெரும்பாலானவை உளவியல் மர்ம நாவல்கள், அனைத்தும் கல்லூரிக் கொலைகள். ஆசிரியர் அறைகளில் வரலாறு காணாத அமைதி நிலவியது. விசாரணைக்காக வீட்டில் காத்திருந்த மேடத்துக்குக் கருத்துக் கேட்டு ஒவ்வொன்றாகப் புத்தகங்கள் வந்தன.

முதலில் வந்தது அவர் கல்லூரியிலேயே பிசிக்ஸ் எடுக்கும் தற்காலிக ஆசிரியையின் நாவல். மேடம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு புன்னகையோடு தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் காலை மடக்கினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னாச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"இதுல கொலையாகிறது உளவியல் ஆசிரியை. புதுசா நிரந்தரமானவ."

"நீதானே?"

"நானேதான்."

"யாரு கொல்றது?"

"பிசிக்ஸ் டெம்பரரி."

"கதை நல்லாருக்கா?"

மேடம் புத்தகத்தை மூடினார். முகம் சிவந்திருந்தது.

"கதையை விடுங்க. நான் நிரந்தரம். அவ டெம்பரரி. என்னைக் கொல்ல அவளுக்கு என்ன தகுதி இருக்கு?"

பிறகு பேனாவை எடுத்து, முதல்வர் வழியாக இயக்குநருக்கு என்று மேலே எழுதி, தன் வாசகர் கருத்தைத் தொடங்கினார்.