மூன்றாவது வரிசையில் நான் நாடாக இருந்த அரை மணி நேரம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே என் இடுப்பைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும், ரயிலில் நின்றே தேய்ந்த உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும்.

எடுத்த எடுப்பிலேயே ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் நான் ஒரு நாடாக இருந்தேன். உங்கள் தங்கை இதை ஃபோனில் வேறு மாதிரி சொல்லியிருப்பாள். அவள் சொல்வதில் முக்கால்வாசி உண்மைதான், ஆனால் என் மானம் மிச்சமுள்ள கால்வாசியில் இருப்பதால் இந்தக் கடிதம். முப்பது வருஷமாக அடுத்தவர் இருக்கையில் உட்கார்ந்தவனை எழுப்பிவிடுகிற டிக்கெட் பரிசோதகர் நீங்கள். உங்களிடமே வந்து இதைச் சொல்வது, திருடன் தானாகப் போய் காவல் நிலையத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கிற கதைதான். இருந்தாலும் கேளுங்கள்.

நம் வக்கீலம்மா, அதாவது உங்கள் மருமகள், குழம்பில் உப்புக் குறைந்தால்கூட விசாரணை வைக்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் பள்ளிக்கூடத்தில் மாணவர் உலகச் சபை என்று ஒன்று நடத்தினார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாடு, மொத்தம் முப்பத்து மூன்று நாடு. நம்முடையவளுக்குக் கிடைத்தது கடலுக்கு நடுவே கடுகு சிந்தின மாதிரி ஒரு தீவு. வரைபடத்தில் காட்டினாள். தூசி என்று நினைத்து விரலால் துடைத்தேன், போகவில்லை. அந்தத் தீவைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிறதாம். முழுசாக விழுங்கிய பிறகு அந்த மக்களுக்கு மற்ற நாடுகள் இடம் கொடுக்க வேண்டும், உலகச் சபையில் அவர்களுடைய நாற்காலியையும் எடுக்கக் கூடாது, இதுதான் அவள் கொண்டுவந்த தீர்மானம். நிறைவேறினால் அவள் பல தேசத்துப் பிள்ளைகள் கூடிப் பேசுகிற நிஜமான சபைக்குப் போகலாம். தோற்றால் வீட்டோடு இருந்து எங்களோடு பேசவேண்டியதுதான். ஆறு மாதமாக இதே பேச்சு, இதே மூச்சு. நான் பல் துலக்கும்போதுகூட "அப்பா, நீங்க இப்போ ஆதரவா, எதிர்ப்பா?" என்பாள். வாயில் நுரையோடு எந்தப் பக்கம் சொல்வது?

சபைக்கு நாற்காலி நம் வாடகைக் கடையிலிருந்துதான் போனது. வேனில் ஏற்றும்போதே வக்கீலம்மா விரலை நீட்டிவிட்டாள்.

"அப்பா, போட்டுட்டு வந்துடணும். உள்ள நின்னு யாரையும் சிரிக்க வைக்கக் கூடாது."

"நான் எங்கம்மா சிரிக்க வைக்கிறேன்? அவங்களாத்தானே சிரிக்கிறாங்க."

"அதுவும் கூடாது."

நம் தொழில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எத்தனை நாற்காலி கேட்டாலும் ஒன்று கூடுதலாக ஏற்றுவேன். எந்தக் கூட்டத்துக்கும் எதிர்பாராத ஒரு ஆள் வருவான், வந்தவனை நிற்க வைத்தால் கடைக்குத்தான் கெட்ட பெயர். அன்றைக்கு அவசரத்தில் அந்த முப்பத்து நாலாவதாக ஏறியது சிவப்பு நூல் நாற்காலி. வலது பின்காலில் ஆணி தளர்ந்த மடக்கு நாற்காலி அது. இடது பக்கம் பாரம் வைத்து, வலது காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தால் சாதுவாக இருக்கும். வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் போதும், ஆளோடு மடங்கிக்கொள்ளும். யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று முதுகில் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தேன். பள்ளியில் பிள்ளைகளே ஓடிவந்து நாற்காலி தூக்கினார்கள். உலகத் தலைவர்களே சுமை தூக்குவதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணுக்கு நூல் எங்கே தெரியப்போகிறது?

வேலை முடிந்து கிளம்பும்போதுதான் பார்க்கிறேன், மூன்றாவது வரிசையில், பெரிய நாடு ஒன்றின் பெயரட்டைக்குப் பின்னால், சிவப்பு நூல் கொடி மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த நாட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலாம், இருக்கை காலி. ஆனால் காய்ச்சல் இறங்கி அது ஓடி வந்து உட்கார்ந்தால்? பூனை நடை நடந்து போய் நாற்காலியில் கை வைத்தேன். அதே நேரம் மேடையில் சபைத் தலைவியாக இருந்த பெரிய வகுப்புப் பெண் சுத்தியலால் டொக்கென்று தட்டி, "கதவைச் சாத்துங்க. பிரதிநிதிகள் எல்லாரும் உட்காருங்க" என்றது. மச்சான், அந்தக் குரலுக்கு உங்கள் ரயிலே நின்றிருக்கும். நான் உட்கார்ந்துவிட்டேன். இடது பக்கம் பாரம் வைத்துத்தான்.

பக்கத்து நாட்டுப் பெண் பிள்ளை என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டது, "சார், நீங்க இந்த நாட்டோட ஆலோசகரா?"

"ஆமாம்மா. நாற்காலி விஷயத்துல மட்டும்."

அது மரியாதையாகத் தலையாட்டித் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, பல்லைக் கடித்து நான் உட்கார்ந்திருந்த கோலம் ஆழ்ந்த யோசனை மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். எதிர்க் கட்சிக்குத் தலைமை தாங்கின கண்ணாடிக்காரப் பையன் ஒரு சீட்டு அனுப்பினான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது உங்களுக்குத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'எங்களோடு சேர்ந்து எதிர்த்து வாக்களியுங்கள். உங்கள் தீர்மானம் வரும்போது நாங்கள் கைகொடுக்கிறோம்.' எதிர்த்து என்றால் யாரை? என் மகளை! உங்கள் தங்கை வேலை சொல்லும்போதெல்லாம் நான் சொல்கிற பதிலையே எழுதி அனுப்பினேன்: 'பார்க்கலாம்.' அதைப் படித்து அந்தப் பையனின் முகம் வெளுத்ததைப் பார்க்க வேண்டுமே. இருபது வருஷமாக அதே பதிலுக்கு உங்கள் தங்கை கண்ணிமைத்தது கூடக் கிடையாது.

பிறகு நம்முடையவள் எழுந்தாள். கணக்கு, புள்ளிவிவரம் எல்லாம் சொன்னாள், எனக்குப் பாதி புரியவில்லை. கடைசியில் காகிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்க அப்பா நாற்காலி வாடகைக்கு விடுறவர். எத்தனை பேர்னு சொன்னாலும் ஒரு நாற்காலி கூடுதலா கொண்டு போவார். வர்றவன் யாருன்னு அவருக்குத் தெரியாது. வருவான்னு மட்டும் தெரியும். ஒரு வாடகைக் கடை செய்யறதை முப்பத்து மூணு நாடு சேர்ந்து செய்ய முடியாதா?"

என்னை அவள் பார்க்கவேயில்லை, மச்சான். நான் வீட்டுக்குப் போய்விட்டேன் என்று நினைத்துச் சொன்ன வார்த்தை அது. அடுத்து "ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றார்கள். நீங்களே சொல்லுங்கள், எந்த அப்பனுடைய கை சும்மா கிடக்கும்?

ஆதரவு பதினேழு, எதிர்ப்பு பதினாறு. கைத்தட்டல் கூரையைத் தூக்கியது. நம்முடையவள் மட்டும் தட்டவில்லை. ஒருத்தர் வரவில்லை, ஆக இருப்பது முப்பத்து இரண்டு, முப்பத்து மூன்று கை எங்கிருந்து வந்தது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே திரும்பினாள். என்னைப் பார்த்தாள். என் கை இன்னும் மேலேயே இருந்தது.

ஒரு நிமிஷம் யோசித்தாள். ஆறு மாதத்து மூச்சு அந்த ஒரு நிமிஷத்தில் நின்றது எனக்கே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் போகலாம். பிறகு எழுந்தாள்.

"தலைவர் அவர்களே, மூணாவது வரிசையில கை தூக்கினது நாடு இல்லை. எங்க அப்பா."

சபை சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நான் எழுந்து நூலைக் காட்டினேன், ஆணியைக் காட்டினேன், இடது பாரம் வலது பாரம் விளக்கினேன். சபைத் தலைவி குறித்துக்கொண்டு, "உங்க ஓட்டு செல்லாது, அங்கிள்" என்றது. ஆக பதினாறுக்குப் பதினாறு. சமமானால் தீர்மானம் தோற்றதாக விதி. நம்முடையவள் தலை குனிந்தாள். நான் அந்தத் தீவைவிடச் சின்னதாகிவிட்டேன்.

அப்போது கண்ணாடிக்காரன் எழுந்தான். மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்டான். "ஜெயிச்சதைத் தானே திருப்பிக் கொடுக்கிற நாட்டுக்கு எதிரா என்னால கை தூக்க முடியலை. நான் மாத்திக்கறேன். ஆனா ஒரு நிபந்தனை, என் நாற்காலியும் ஆடுது, வேற போடச் சொல்லுங்க."

பதினேழுக்குப் பதினைந்து! இந்த முறை எல்லாமே செல்லுகிற கை. அவனுடைய நாற்காலி ஆடவில்லை மச்சான், தரைதான் மேடுபள்ளம். அதைச் சபைக் குறிப்பில் ஏற்றச் சொன்னேன், மறுத்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா நாலு அடி முன்னால் நடந்து போய்த் திரும்பினாள். "கையை ஏன் கீழே இறக்கவே இல்லை?" என்றாள். "இறக்கினா வலது பக்கம் சாஞ்சுடுவேன்மா" என்றேன். அப்புறம்தான் சிரித்தாள். வேன் வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் அவள் அந்தச் சபைக்கு ரயிலில் போகிறாள். துணைக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும். "மாமா வரட்டும், அப்பா வேண்டாம்" என்று தீர்மானம் போட்டுவிட்டாள், உங்கள் தங்கை வழிமொழிந்தாள், நிறைவேறிவிட்டது. நீங்கள் கட்டாயம் வரவேண்டும். அங்கே போய் எந்த நாட்டுக்காரரிடமும் டிக்கெட் கேட்காமல் இருந்தால் போதும்.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். நான் திருந்திவிட்டேன். அந்தச் சிவப்பு நூல் நாற்காலியை அன்றைக்கே உடைத்துப் போட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் நம் கடை நாற்காலியிலிருந்து ஒருவரும் விழுந்ததில்லை என்ற பெயரும் காப்பாற்றப்பட்டது.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்காலுக்கு என் தனி விசாரிப்பு. நீங்கள் ஏறுகிற ரயிலெல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை சொல் தட்டாத,
முன்னாள் நாடு

பி.கு.: நாற்காலியை உடைத்துப் போட்டேன் என்று மேலே எழுதியது, உடைக்கலாம் என்று நினைத்த அளவில் உண்மை. கடையில் மற்றதெல்லாம் வாடகைக்குப் போய்விட்டதால் அதில் உட்கார்ந்துதான் இந்தக் கடிதத்தை எழுதினேன். முடித்த சந்தோஷத்தில் உறையை எடுக்க வலது பக்கம் திரும்பினேன். என் கையெழுத்திலிருந்து காகிதத்தின் ஓரம் வரை நீளமாக ஒரு கோடு போயிருக்கிறதே, அது கையெழுத்தில் சேராது. இந்தப் பின்குறிப்பு தரையிலிருந்து எழுதப்படுகிறது.