பூட்டி வைத்த போன்

ஒரகடம்,
புதன்கிழமை

அன்புள்ள மஞ்சுளாவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் சுகம். அங்கே நீயும் உன் மகள் சுகப்பிரியாவும் அப்படியே இருக்க வேண்டும். கம்பெனி கேட்டில் பூட்டி வைத்த போன் உள்ளே என் மேசையில் எப்படிப் பேசுகிறது என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. தெரிந்த மட்டும் எழுதுகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய்.

நீ குப்பையில் போடச் சொன்ன உன் பழைய போன்தான். போன மாதம் ஷேர் ஆட்டோவில் விழுந்து திரை இருண்டுவிட்டது, உயிர் போகவில்லை. லேப்டாப்போடு இணைத்துவிட்டேன், அழைப்பு, குறுஞ்செய்தி எல்லாம் அதிலேயே வருகிறது. கேமரா உள்ள போனை எங்கள் தொழிற்சாலைக்குள் விடமாட்டார்கள், செக்யூரிட்டி சுடலைக்கண்ணு வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார். ஆனால் லாக்கர் இருக்கும் அறைக்கும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் வகுப்பெடுக்கும் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். புளூடூத் அதைத் தாண்டி வந்துவிடுகிறது. போன் உள்ளே வரக்கூடாது என்பது விதி, போன் வரவில்லை. எதையும் லேசில் நம்பாத நானே இதை மெச்சுகிறேன்.

சங்கடமே இல்லை என்று சொல்லமாட்டேன். தீயணைப்புக் கருவி பத்திப் பாடம் நடத்திக்கிட்டிருக்கேன், உன் அண்ணன் கூப்பிட்டு ஸ்பீக்கர்ல "கடுகு எங்க இருக்கு"ங்கறார், நானும் பதறி "மேல் தட்டு, இடது பக்கம்"னுட்டேன், தேர்வுல மூணு பேர் தீயணைப்புக் கருவி மேல் தட்டுல இடது பக்கம் இருக்கும்னு எழுதியிருக்காங்க. பெருக்க வந்த பாப்பம்மாள், "இன்னா மேடம், பொட்டி கூட சண்ட போட்டுக்கினு கீறீங்க"ங்கறா. லாக்கருக்குள்ள மணி அடிச்சு, தானா நின்னு, தடுப்புக்கு இந்தப் பக்கம் என் குரல் கேட்கவும் சுடலைக்கண்ணு பயந்துபோய் "சவத்துப் போனு தானா எடுத்துப் பேசுது மேடம்"னு நெற்றி நிறையத் திருநீறோட வந்தார். விளக்கிச் சொன்ன பிறகு, மணி அடித்தால் அவரே தடுப்பைத் தட்டுகிறார்.

ஆகவே புதுப் போன் வாங்கச் சொல்லாதே. நாளைக் காலை, சுகப்பிரியாவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் அம்மா சுந்தராம்பாள் தன் முடிவைச் சொல்ல இந்த எண்ணுக்குத்தான் கூப்பிடப்போகிறார். அவளுக்குப் பையனை ரொம்பப் பிடித்திருக்கிறது, ஒரு சொல் பிசகக்கூடாது என்பது எனக்கும் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலைக்குப் போவாள் என்பதைப் பக்குவமாக, அளந்து சொல்வேன். நடுவில் வேறு யாரும் பேசத் தேவையில்லை.

சுகப்பிரியா நினைத்தது நடக்கட்டும். உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணி

பி.கு. வியாழன் மாலை. அழைப்பு வந்தது. "பொண்ணு வேலைய விடாதாமே?" என்று அந்த அம்மா ஆரம்பித்தார். யோசிக்க அவகாசம் வேண்டி, "ஒரு நிமிஷம், சரியாக் கேட்கலை" என்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் சுடலைக்கண்ணு அதைக் கேட்டுவிட்டார். சிக்னல் கிடைக்கட்டும் என்று லாக்கரைத் திறந்து, போனை கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கே கொண்டுபோய்விட்டார். லேப்டாப் ஊமையானது, பேச்சு போனுக்குப் போய்விட்டது. நான் ஓடிப் போனபோது அவர் பேசிக்கொண்டிருந்தார்: "ஏன் விடணும்ங்கேன்? எம்மவளும்தான் போறா. பூட்டி வைக்கதுக்கு அவ என்ன போனாம்மா?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். முழுச் சம்மதமாம். நிச்சயதார்த்தத்துக்குப் பெண்ணின் பெரியப்பா அவசியம் வரவேண்டுமாம். வருவதாகச் சுடலைக்கண்ணுவும் சொல்லிவிட்டார்.

போனுக்காகக் கையை நீட்டினேன். "உள்ள கொண்டுபோவப்படாதுல்லா மேடம்" என்று லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டார்.