முற்றுகைக்கு இரண்டு மதிப்பெண் குறைவு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரலாற்றுப் பேராசிரியர் தம் அறைக்குள் புகுந்து தாழ்ப்பாளைப் போட்டார். உயிரே போனாலும் திறப்பதில்லை என்பது தீர்மானம். ஒரு ஃபிளாஸ்க் தேநீரும் ஒரு டப்பா பிஸ்கட்டும் இரண்டு பாட்டில் தண்ணீரும் அவருக்கு முன்பே உள்ளே போயிருந்தன.

சண்டை அந்த அறைக்காகத்தான். வீட்டில் நல்ல வெளிச்சம் வரும் ஒரே ஜன்னல் அங்கே இருந்தது. அவர் மனைவியோ சமையலறையை ஒட்டிய நடையில் தையல் மெஷினைப் போட்டு, பட்டப்பகலிலும் விளக்கெரித்துப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். "இந்த சினிமா விமர்சனத்தை முடிச்சதும் ரூம் உனக்குத்தான்" என்று அவர் சொல்லி மூன்று வாரம் ஆயிற்று. புகழ்பெற்ற ஒரு கோட்டை முற்றுகையைப் பற்றிய படம். ஏழு மாத முற்றுகையைப் படம் மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டது. விமர்சனம்தான் முடிந்தபாடில்லை.

"ஏங்க, இன்னிக்கு மெஷின் உள்ள வருது."

"வராது. இன்னும் முடிவுரை பாக்கி."

"அதை ஹால்ல உக்காந்து எழுதினா ஆகாதா?"

"ஹால்ல உக்காந்து முடிவுரை எழுதினதா வரலாறே கிடையாது!"

ஆனால் போர் வேறு, தட்டச்சு வேறு. அவருடைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் அவள். கட்டுரை மாலைக்குள் கல்லூரி மலருக்குப் போயாக வேண்டும். எனவே எழுதிய தாள்களை அவர் கதவுக்கடியில் தள்ள, அவள் ஹாலில் இருந்த கணினியில் அடித்துக்கொண்டிருந்தாள்.

படத்துக்குப் பத்துக்கு ஏழரை. கல் குண்டு வெடித்துச் சிதறியதற்கு அரை குறைத்தார். நூறாம் நாளும் வீரர்கள் மழமழவென்று சவரம் செய்திருந்ததைப் பெரிய மனதோடு மன்னித்தார். மன்னிக்க முடியாதது ஒரு காட்சி. முற்றுகையிட்டவர்கள் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு போவதுபோல் போகிறார்கள். உள்ளே இருந்தவர்கள் அதை நம்பிக் கோட்டைக் கதவைத் திறந்து வெளியே வந்து மாட்டிக்கொள்கிறார்கள். அதற்கு முழுதாக இரண்டு மதிப்பெண் போயிற்று. 'ஒரு தளபதி இப்படியா ஏமாறுவான்? நம்பும்படி இல்லை' என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.

கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்டது.

"எனக்கு அந்த இடம் பிடிச்சிருந்துதே."

"உனக்குப் பிடிக்கும். விவரம் தெரிஞ்சவனுக்குப் பிடிக்காது."

"ஏன், மனுஷன் ஏமாற மாட்டானா?"

"எல்லாரும் ஒண்ணா? இருபத்திரண்டு வருஷமா நான் இந்த முற்றுகையைப் பாடம் நடத்தறேன்."

"சரிங்க. ரெண்டு குறைச்சே அடிச்சுடறேன்."

மூன்று மணிக்கு ஃபிளாஸ்க் காலி. டப்பாவில் பிஸ்கட் தூள்தான் மிச்சம்.

"ஏங்க, ரூமை நீங்களே வெச்சுக்குங்க. மெஷினை எங்க அக்கா வீட்டுல போட்டுக்கறேன். தினம் அங்க போய்த் தைச்சுட்டு வந்துடறேன்."

அந்தக் குரலில் கோபமே இல்லை, களைப்புதான் இருந்தது. அவருக்கே கொஞ்சம் உறுத்தியது. மெஷினின் சக்கரங்கள் கடகடவென்று வாசல்வரை உருண்டன. வாசற்கதவு சாத்தப்பட்டது. வீடு அடங்கிப்போயிற்று.

அவர் அவசரப்படவில்லை. தரையில் கன்னத்தை வைத்துக் கதவுக்கடியில் பார்த்தார். மெஷின் நின்ற இடத்தில் நூல் துணுக்குகள் மட்டும் கிடந்தன. கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் காத்திருந்தார். பிறகு தாழ்ப்பாளை நீக்கி, தலை நிமிர்ந்து சமையலறைக்கு நடந்து, வெற்றித் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

தண்ணீர் கொதிக்கும்போது முதுகுக்குப் பின்னால் சக்கரம் உருண்டது. வாசற்கதவைச் சாத்தியவள் அதற்கு உள்பக்கம்தான் நின்றிருக்கிறாள். அவர் கரண்டியோடு ஓடி வருவதற்குள் அறையின் தாழ்ப்பாள் விழுந்தது.

மெஷின் நிம்மதியாக ஓடத் தொடங்கியது. நடுவில் ஒருமுறை நின்றது.

"ஏங்க, கட்டுரையை இன்னும் அனுப்பல. அந்த ரெண்டு மார்க்கைத் திருப்பிக் குடுத்துடலாமா?"

வரலாற்றில் முதல்முறையாகப் பேராசிரியர் ஹாலில் உட்கார்ந்து முடிவுரை எழுதினார். படத்துக்குப் பத்துக்கு ஒன்பதரை.